பென்குயினை எண்ணுவது யார்?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



விண்வெளியில் இருந்து பார்த்தால் பென்குயின் தெரியாது. ஆனால் பென்குயின் போட்ட எச்சம் தெரியும்!

சிரிக்காதீர்கள். இது ஜோக் இல்லை. பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஃப்ரெட்வெல், ஃபில் டிரேதன் என்ற இருவர் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது. மனிதன் கால் வைக்காத இடங்களில்கூட பென்குயின் கூட்டங்கள் இருப்பதை அவர்கள் எச்சக் கறையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, இதில் பாலிடெக்னிக் மாணவர்களாகிய நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். பென்குயின்களிலேயே பெரியது எம்பரர் பென்குயின். நின்றால் நாலடி உயரம், எடை 40 கிலோ வரை போகும். இது அண்டார்டிகாவில் மட்டுமே குஞ்சு பொரிக்கிறது. அதுவும் எங்கே? பெரும்பாலும் தரையில் இல்லை. கரையோரக் கடல் உறைந்து கட்டியாகி நிற்கும் பனிக்கட்டியின் மேலே! எப்போது? கடும் குளிர்காலத்தில்! மார்கழிக் குளிருக்கே ஹாஸ்டலில் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். அங்கே மைனஸ் 40, 50 டிகிரி. முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பாடு இல்லாமல் நிற்பது ஆண் பறவை. அப்பாக்களுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு காலத்தில் வாழும் பறவையை யார் போய் எண்ணுவது? 1911-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் என்ற மூன்று பேர் கேப் குரோசியர் என்ற இடத்துக்கு நடந்தே போனார்கள். ஸ்காட் தலைமையில் தென்துருவப் பயணம் போன குழுவைச் சேர்ந்தவர்கள் இவர்கள். சூரியனே இல்லாத இருட்டு. ஸ்லெட்ஜ் வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போய்வர ஐந்து வாரம் ஆனது. உயிரைப் பணயம் வைத்து அவர்கள் கொண்டுவந்தது மூன்றே மூன்று முட்டை! ஒரு கூட்டத்தைப் போய்ப் பார்க்கவே இந்தப் பாடு என்றால், ஒரு கண்டம் முழுக்க எண்ணுவது எப்படி?

இங்கேதான் சாட்டிலைட் வருகிறது.

லேண்ட்சாட் என்ற அமெரிக்க சாட்டிலைட் எடுக்கும் கலர் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம வாலிபால் கோர்ட் ஐந்துக்கு மேல் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதில் நாலடிப் பறவை எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் பழுப்பாகிவிடும். உறைந்த கடலின் மேல் மண் கிடையாது, பாறை கிடையாது. எல்லாம் வெள்ளை. நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும் கறை ஒன்று அந்த வெள்ளையில் இருந்தால், அது அநேகமாகப் பென்குயின்தான். இந்த ஒரே யோசனையை வைத்து அவர்கள் அண்டார்டிகாவின் கரை முழுவதையும் அலசினார்கள். கிடைத்தது 38 கூட்டங்கள். அதில் 10 கூட்டங்கள் அதற்கு முன்னால் யாருக்குமே தெரியாதவை!

யாரும் மதிக்காத எச்சம். அதுதான் "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று உலகத்துக்குச் சாட்சி சொன்னது. அதன் பிறகு இன்னும் நுட்பமான படங்கள் வந்தன. ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட்டில் ஒரு புள்ளி 10 மீட்டர்தான். புதிது புதிதாகக் கூட்டங்கள் தெரியவந்து, 2024-இல் வெளியான ஆய்வோடு சேர்த்துக் கணக்கு 66 ஆனது.

சரி, கூட்டம் இருக்கும் இடம் தெரிந்தாச்சு. தலை எண்ணிக்கை? அதற்கு இன்னும் கூர்மையான படம் வேண்டும். குவிக்பேர்ட், வேர்ல்ட்வியூ-2 போன்ற சாட்டிலைட்டுகளின் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மீட்டர்தான். அவற்றின் கலர் படம் அவ்வளவு கூர்மை இல்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திக் கூர்மையான கலர் படமாக்குகிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் இது பனி, இது நிழல், இது எச்சம், இது பறவை என்று பிரிக்கிறார்கள். அப்போதும் பறவைகள் தனித்தனியாகத் தெரிவது அபூர்வம். ஒட்டி ஒட்டி நிற்பதால் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். அந்தத் திட்டின் பரப்பை அளந்து, இவ்வளவு இடத்தில் இத்தனை பறவை நிற்கும் என்ற விகிதத்தால் பெருக்கினால் எண்ணிக்கை. 2009-இல் எடுத்த படங்களை இப்படிக் கணக்கிட்டு 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 46 கூட்டங்கள், சுமார் 2,38,000 ஜோடிகள், மொத்தம் சுமார் 5,95,000 பறவைகள். அதற்கு முன் சொல்லிவந்த மதிப்பீடு இதில் பாதி அளவுதான்! ஒரு பறவை இனத்தை உலகம் முழுக்க விண்வெளியில் இருந்து எண்ணியது அதுவே முதல் தடவை.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் வேலைதான் ஞாபகம் வந்தது. எங்க அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். எங்க வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அறுத்த கல்லை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. அடுக்கி வைத்த பிறகு நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று பார்த்துப் பெருக்கி, உடைசலுக்கு ஒரு கழிவு போட்டுக் கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்வார். பென்குயின் கணக்கும் இதே பெருக்கல்தானே!

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. குடிசைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது நோட்டில் ஒன்று இருக்கும், கரிக்கோட்டில் ஒன்று இருக்கும். ஜெயிப்பது நோட்டுதான். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் அடுக்கை நானே அளந்து, பெருக்கலை ஒரு துண்டுச் சீட்டில் படிப்படியாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் அடுக்கை மறுபடி எண்ணினார். அந்த வாரம் 400 கல் கூடுதலாக ஏறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து "புள்ளைய படிக்க வைக்கணும்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் மாறவே இல்லை.

அதில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இன்னொருவர் போய் மறுபடி எண்ணிப் பார்க்க முடிந்தால்தான் அது கணக்கு. முடியாவிட்டால் அது வெறும் உத்தரவு!

சாட்டிலைட் செய்த பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து. முன்பெல்லாம் கப்பலும் பணமும் வைத்திருந்தவர் போய்ப் பார்த்துச் சொன்னதுதான் எண்ணிக்கை. இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. 2008-இல் லேண்ட்சாட் படங்கள் எல்லாருக்கும் இலவசமானது. சென்டினல் படங்களும் இலவசம்தான். கறை இருக்கிறதா, பெருத்ததா, சிறுத்ததா என்று இன்று எந்த நாட்டு மாணவனும் உட்கார்ந்து பார்க்கலாம். பழைய வருஷத்துப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நோட்டு ஒருவர் கையில் மட்டும் இல்லை!

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. "சாட்டிலைட் வந்தாச்சு, இனி ஆள் எதற்கு? எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்று நம்மில் பல பேர் பேசுகிறோம். பேசுபவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இவ்வளவு இடத்தில் இத்தனை பறவை என்ற அந்த விகிதம் எங்கிருந்து வந்தது? ஆகாயத்தில் இருந்தா? சில கூட்டங்களுக்கு மனிதர்கள் நேரில் போய், பனியில் நின்று, எண்ணிக் கொடுத்ததில் இருந்து வந்தது. அந்த எண்ணிக்கையோடு படத்தை ஒப்பிட்டுத்தான் மற்ற கூட்டங்களைக் கணக்கிட்டார்கள். இந்தத் துறையில் இதற்கு 'கிரவுண்ட் ட்ரூத்' என்றே பெயர். அதாவது தரையில் உள்ள உண்மை.

இன்னொன்றும் பாருங்கள். குளிர் அதிகமானால் எம்பரர் பென்குயின்கள் ஒன்றோடொன்று நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். குளிர் குறைந்தால் பரவி நிற்கும். அதே பறவைகள்தான். ஆனால் ஒரு நாள் படத்தில் சின்னத் திட்டு, இன்னொரு நாள் படத்தில் பெரிய திட்டு! இறுக்கி அடுக்கிய கல்லுக்கும் இளக்கமாக அடுக்கிய கல்லுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பனிக்காலத்தில் இருட்டு, மற்ற நாளில் மேகம், பெற்றவர்களில் ஒன்று இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கும். இத்தனையையும் தெரிந்து கணக்கில் சேர்ப்பது யார்? அங்கே நின்று பார்த்த மனிதன்தான்.

மேலே இருக்கும் கண்ணும் கீழே இருக்கும் காலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டேஞ்சர் தீவுகள் ஒரு நல்ல உதாரணம். அண்டார்டிகத் தீபகற்பத்தின் வட நுனிக்கு அருகில் இருக்கும் சின்னப் பாறைத் தீவுகள் இவை. சுற்றிலும் பனிக்கட்டி அடைத்துக்கொள்வதால் கப்பல் போவது கஷ்டம். ஹீதர் லிஞ்ச் என்ற பேராசிரியையும் நாசாவைச் சேர்ந்த மேத்யூ ஷ்வாலரும் லேண்ட்சாட் படங்களில் எச்சக் கறையைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அது இந்தத் தீவுகளில் ஏகப்பட்ட கறையைக் காட்டியது. காட்டியது உண்மையா? 2015 டிசம்பரில் ஒரு குழு நேரிலேயே போனது. கையாலும் எண்ணினார்கள், டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்து அதிலும் எண்ணினார்கள். 2018-இல் வெளியான முடிவு: அடேலி பென்குயின்கள் 7,51,527 ஜோடிகள்! அண்டார்டிகத் தீபகற்பத்தின் மற்ற இடங்களில் உள்ளவற்றை எல்லாம் கூட்டினாலும் இதைவிடக் குறைவு. கறையைப் பார்த்தது சாட்டிலைட். போய் உறுதி செய்தது மனிதன். இதில் எது இல்லாவிட்டாலும் இந்த எண் நமக்குக் கிடைத்திருக்காது.

எல்லாம் நல்ல செய்தியாகவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஹேலி பே என்ற இடத்தில் இருந்தது உலகத்தின் இரண்டாவது பெரிய எம்பரர் கூட்டம். 2016-இல் குஞ்சுகள் வளர்ந்து முடியும் முன்பே அங்கே கடல் பனிக்கட்டி உடைந்தது. தண்ணீர் ஊறாத சிறகு முளைக்காத குஞ்சு கடலில் விழுந்தால் பிழைக்காது. அடுத்த இரண்டு வருஷமும் இதே கதி. 2019-இல் வெளியான ஆய்வு, அந்தக் கூட்டம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதைப் படங்களில் காட்டியது. நல்லவேளையாகச் சில பறவைகள் தெற்கே டாசன்-லாம்ப்டன் பனியாற்றின் பக்கம் இடம் மாறியதையும் அதே படங்கள் காட்டின. 2022 கடைசியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் ஐந்து கூட்டங்களில் நான்கில் பனிக்கட்டி சீக்கிரமே உடைந்து குஞ்சுகள் அத்தனையும் போயின என்று 2023-இல் தெரிவித்தார்கள். 2025-இல் வெளியான ஆய்வில் 16 கூட்டங்களை 2009-இல் இருந்து 2024 வரை பார்த்ததில் 22 சதவீதம் குறைந்திருக்கிறது. பூமி சூடாவதற்கு ஒரு பங்கு புகைகூட விடாத ஜீவன், அதற்கான விலையைக் குஞ்சுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இவை எதையும் நேரில் பார்த்த மனிதக் கண் அநேகமாக இல்லை. படம் இல்லாவிட்டால் இந்தச் சாவு கணக்கிலேயே வந்திருக்காது!

"நம்ம ஊரில் ஆயிரம் பிரச்னை இருக்கு, வேலை இல்லாத் திண்டாட்டம் இருக்கு, பென்குயினை எண்ணி என்னப்பா ஆகப்போகுது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இரண்டு.

ஒன்று, எண்ணியதால் ஏற்கெனவே சில காரியம் நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்க அரசு எம்பரர் பென்குயினை ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகத் தன் சட்டத்தில் சேர்த்தது. அதே 2022-இல் பெர்லினில் நடந்த அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் மாநாட்டில் இதற்குத் தனிப் பாதுகாப்பு தர வேண்டும் என்ற யோசனை வந்தது. பல நாடுகள் ஆதரித்தும், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதியால் நிறைவேறவில்லை. அந்த மாநாட்டில் நம் இந்தியாவுக்கும் 1983-இல் இருந்து முடிவெடுக்கும் உரிமை உண்டு. 2024-இல் அந்த மாநாடு நம் பக்கத்து மாநிலத்தில், கொச்சியிலேயே நடந்தது. ஆக, இது யாரோ வெள்ளைக்காரன் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட முடியாது. கை தூக்கும் இடத்தில் நாமும் இருக்கிறோம்.

இரண்டு, எண்ணப்படாதவர்களுக்கு என்ன நடக்கும் என்று நம்மைப் போன்ற வீடுகளில் இருந்து வருபவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டில் ஏறாத கல்லுக்குக் கூலி கிடையாது. கணக்கில் வராத கூட்டம் செத்தாலும் செய்தி கிடையாது. பறவையானாலும் மனிதனானாலும் விதி ஒன்றுதான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். சிவில் அல்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லெவலிங் சர்வே எடுத்தால் ஒவ்வொரு ரீடிங்கையும் ஃபீல்டு புக்கில் எழுதுவோம். கடைசியில் பேக் சைட் எல்லாம் கூட்டி, ஃபோர் சைட் எல்லாம் கூட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் முதல் மட்டத்துக்கும் கடைசி மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் கணக்கில் எங்கோ தப்பு. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் இந்தச் சோதனை கூட்டல் தப்பைத்தான் பிடிக்கும். ரீடிங்கே பொய் என்றால் பிடிக்காது.

சர்வே கேம்ப்பில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வெயில் ஏறினதும் மரத்தடியில் உட்கார்ந்து, டேலி ஆகிற மாதிரி ரீடிங்கைப் 'போடுகிற' கோஷ்டி ஒவ்வொரு வருஷமும் உண்டு. கேட்டால் "இதெல்லாம் யார் பார்க்கப் போறா? வேலைக்குப் போனா எல்லாம் மெஷின்" என்பார்கள். நான் கேட்கிறேன், பனியில் நின்று எண்ணிய அந்த ஆட்களில் ஒருவர் குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒரு எண்ணைப் 'போட்டிருந்தால்' என்ன ஆகும்? அந்த விகிதம் தப்பு. அந்த விகிதத்தால் பெருக்கிய கண்டம் முழுவதும் தப்பு. கோடிக்கணக்கில் செலவு செய்து மேலே அனுப்பிய சாட்டிலைட்டையே கீழே ஒரு பொய் ரீடிங் குருடாக்கிவிடும்!

டிப்ளமோ படித்தவன் சைட்டில் நிற்கிறவன்தானே என்று நம்மைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நாமேகூட அப்படி நினைத்துத் தலை குனிகிறோம். வேண்டாம் நண்பர்களே. சைட்டில் நிற்கிறவன் சொல்லும் எண்ணின் மேல்தான் ஏ.சி. அறையில் வரையும் எல்லாக் கோடும் நிற்கிறது. தரையில் உள்ள உண்மைக்கு நாம்தான் பொறுப்பு. அது சின்னப் பொறுப்பு இல்லை.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கம்ப்யூட்டர் லேபில் இலவச சாட்டிலைட் படங்களைத் திறந்து பார்க்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கித் தாருங்கள். பென்குயினில் ஆரம்பிக்கலாம். அந்தப் பழுப்புக் கறையை ஒரு தடவை தன் கண்ணால் பார்த்தவன், படம் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைப் புரிந்துகொள்வான்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, உங்கள் கேம்ப் சீக்கிரம் வருகிறது. வெயில் கொளுத்தத்தான் செய்யும். ஸ்டாஃபை நேராகப் பிடியுங்கள். பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள்.